மாஸ்காம் படித்தால் மானம் போகுமா?

எஸ்.பி.எம். முடிவு வந்த மூன்றாவது நாள் சித்தப்பா போன் செய்தார். "தம்பி, ஞாயித்துக்கிழமை கிள்ளானுக்கு வந்துட்டுப் போ. பாப்பாகிட்ட நீதான் பேசணும். நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குது" என்றார். என்ன விஷயம் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினார். "மாஸ்காம் படிக்கணுமாம்."

எங்கள் சொந்தத்தில் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, பொறியியல் முடித்து, ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டவன் நான். அதனால் யார் வீட்டுப் பிள்ளை வழிதவறப் போகிறது என்று தெரிந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் உட்கார வேண்டும். தே ஓ வரும். "அண்ணனப் பாரு" என்று பிள்ளையிடம் சொல்வார்கள். பிள்ளை என்னைப் பார்க்கும். என் வேலை அதோடு முடிந்தது. இத்தனை வருடமாக இந்தக் காட்சிப்பொருள் வேடத்தை நானும் மறுப்பில்லாமல் ஏற்றுவந்திருக்கிறேன்.

கே.எல். சென்ட்ரலில் கம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போனேன். தங்கச்சியின் மதிப்பெண் தாளை சித்தப்பா மேசைமேல் வைத்திருந்தார். தமிழ், மலாய், வரலாறு மூன்றிலும் ஏ. ஆங்கிலத்தில் பி. கணக்கில் சி. இயற்பியலிலும் வேதியியலிலும் டி. அறிவியல் பிரிவில் அவளைச் சேர்த்தது அவள் விருப்பத்தைக் கேட்டு அல்ல. "ஒரு வருஷம் எங்கயாச்சும் படிச்சு மார்க்க ஏத்திக்கலாம், அப்புறம் இஞ்சினியரிங் போகலாம்" என்றார் சித்தப்பா. அவள் ஒன்றும் பேசவில்லை. "சரி, மாஸ்காம் படிச்சு என்னா செய்வ? டிவியில மூஞ்சி காட்டவா? பேசுறதுக்கு எதுக்குமா டிகிரி?" என்று அவரே தொடர்ந்தார்.

பேசுவதற்கு எதற்கு டிகிரி? அன்று நான் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. ரயிலில் திரும்பும்போதுதான் பதில்கள் வந்தன. அவை சித்தப்பாவுக்கு மட்டும் உரியவை அல்ல. இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் கேட்கும் நம் சமுதாயத் தலைவர்களுக்கும், கல்விக் கருத்தரங்கு நடத்துபவர்களுக்கும், இதை வாசிக்கும் இலக்கிய நண்பர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. தொடர்பியல் என்று நாம் இன்று சொல்லும் படிப்புக்கு இரண்டு வேர்கள். ஒன்று இதழியல். மற்றொன்று மேடைப்பேச்சு. அமெரிக்காவில் 1914-இல் மேடைப்பேச்சு கற்பித்த ஆசிரியர்கள், ஆங்கிலத் துறைக்குள் தங்களுக்கு மரியாதை இல்லை என்று பிரிந்து தனிச் சங்கம் அமைத்தார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய தொடர்பியல் துறையின் பெரும்பகுதி. வாதம் எப்படிக் கட்டப்படுகிறது, கேட்பவர் ஏன் நம்புகிறார், குழுவில் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதெல்லாம் அதன் பாடங்கள். மூஞ்சி காட்டுவது அதில் ஒரு சிறு மூலை.

இதைக் கேட்டு முதலில் துள்ளிக் குதிக்க வேண்டியவர்கள் நாம். முதலாம் ஆண்டிலிருந்தே தமிழ்ப்பள்ளியில் பேச்சுப்போட்டி. கோயில் திருவிழாவில் பட்டிமன்றம். கல்யாண வீட்டில்கூட மைக்கை விடமாட்டோம். பேச்சாலேயே ஆட்சியைப் பிடித்த இயக்கம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன் தாய் இயக்கத்தின் பெரியார் 1929-இல் மலாயா வந்து தோட்டத் தொழிலாளர்களிடம் பேசியதை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் நம் பேச்சுப்போட்டி என்ன? ஆசிரியர் எழுதிக்கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்கிறது. 'அவையோர்க்கு என் முத்தான வணக்கம்' என்று தொடங்கிக் கையை ஆட்டுகிறது. எதிர்க்கேள்வி கிடையாது. ஆதாரம் கேட்பது கிடையாது. நடுவர் உச்சரிப்புக்கு மதிப்பெண் போடுகிறார். பன்னிரண்டு வருடம் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கிய பிள்ளை நேர்முகத் தேர்வில் வாயடைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை நான்தான்.

பேசுவதற்குப் படிக்க வேண்டுமா என்றால், நாம்தான் முதலில் படிக்க வேண்டும்.

அடுத்து, எங்கள் தொழிற்சாலையில் நடந்த ஒன்று. இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும். அதற்கான அறிவிப்புத் தாளை எழுதியது என் பிரிவு. மலாயிலும் ஆங்கிலத்திலும் பதினான்கு வரி. தொழில்நுட்ப ரீதியில் ஒரு பிழையும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளியாக வந்த ஒரு தமிழ் அண்ணன் அதன்கீழ் கையெழுத்துப் போட்டார். பிறகு, பூட்டுப் போடாத இயந்திரத்தில் கையை விட்டு இரண்டு விரல் இழந்தார். விசாரணையில் "படிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். "கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன் சார்" என்றார். அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினோம். 'எழுதினோம்' என்பதில் நானும் உண்டு. அந்தத் தாளை அவருக்குப் புரியும்படி நான்கு வரியில், ஒரு படத்தோடு எழுதத் தெரிந்த ஒருவர்கூட நாற்பது பொறியாளர்கள் வேலை செய்த கட்டடத்தில் இல்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். சுகாதார அமைச்சின் அறிவிப்பு தினமும் மலாயில் வந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் தமிழில் செய்தி சொன்னது உண்மை. ஆனால் எங்கள் அத்தைமார்களின் கைப்பேசிக்குள் இருந்தது வேறு உலகம். யாரென்றே தெரியாத ஒரு குரல், "உறவுகளே, இதை உடனே பகிருங்கள்" என்று தொடங்கி, பூண்டையும் வெந்நீரையும் மருந்தாகச் சொல்லியது. அடுத்த வருடம் தடுப்பூசி வந்தபோது அதே குரல் ஊசி போட்டால் இரண்டு வருடத்தில் சாவு என்றது. என் பாட்டி ஊசி போட மறுத்தார். அந்தக் குரலின் பக்கத்தில் வைக்க, அதே அளவுக்கு வீட்டுத் தமிழில், அதே அளவுக்கு நெருக்கமாக, உண்மையைச் சொல்லும் இன்னொரு குரல் என்னிடம் இல்லை. அதை உருவாக்குவது ஒரு தொழில். அதற்குப் பயிற்சி வேண்டும். "டிவியில மூஞ்சி காட்டவா?" என்று கேட்பவர்களுக்கு என் பாட்டியின் படத்தைக் காட்டலாம். மாலை போட்டிருக்கிறோம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பாடம், நமக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. 1950-இல் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகை வழியாகவே பாடம், பயிற்சி, திருத்தம், தரம் பிரித்தல். தோட்டத்து லயத்தில் இருந்தவர்களும், சின்னச் சின்ன ஊர் ஆசிரியர்களும், குமாஸ்தாக்களும் எழுதி அனுப்பினார்கள். அந்த வகுப்பில் தேறியவர்கள் நம் இலக்கியத்தின் முன்வரிசைக்கு வந்தார்கள். அதே பத்திரிகைக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி 1950களில் கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் நடத்தி இளைஞர்களோடு உட்கார்ந்து பேசினார். கட்டடம் இல்லை, கட்டணம் இல்லை, பட்டமும் இல்லை. ஆனால் சமூகக் கல்லூரி என்பதன் சாரம் அதுதானே? படிப்பை, அது எட்டாதவனின் வாசலுக்குக் கொண்டுபோவது.

இன்னொரு பெயர், ரெ. கார்த்திகேசு. நம்மில் பலருக்கு அவர் 'அந்திம காலம்' எழுதிய நாவலாசிரியர். 2016-இல் அவர் மறைந்தபோது அப்படித்தான் அஞ்சலி எழுதினோம். ஆனால் அவர் பிழைப்புக்குச் செய்தது என்ன? முதலில் மலேசிய வானொலி தொலைக்காட்சியில் ஒலிபரப்பாளர். பிறகு பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் பேராசிரியர். சித்தப்பா ஏளனமாகச் சொல்லும் அதே மாஸ்காம்தான். நம் இலக்கியத்துக்கு அவர் கொண்டுவந்த தெளிந்த உரைநடையும் வாதத்தில் கண்ணியமும் அந்தத் தொழிலிலிருந்து வரவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 தொடக்கத்தில் நின்றது. அந்த வாரம் முகநூல் முழுக்க ஒப்பாரி. ஒப்பாரி வைத்தவர்களில் எத்தனை பேர் தன் பிள்ளையை அந்த அலுவலகத்துக்கு வேலைக்கு அனுப்பியிருப்பார்கள்? பத்திரிகை வேண்டும், ஆனால் பத்திரிகையாளர் பக்கத்து வீட்டில் பிறக்க வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்தவர்களின் கதையைச் சொன்ன 'ஜகாட்' படம் 2015-இல் வந்தபோது திரையரங்கில் அழுதவர் இதே சித்தப்பாதான். "நம்ம கதைடா இது" என்றார். நம்ம கதையைச் சொல்ல யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை கேமராவைக் கையில் எடுத்தது. அது உங்கள் வீட்டுப் பிள்ளை என்றால் மட்டும் மானம் போகிறது.

சரி, இவ்வளவு பேசுகிறாயே, அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடலாமா என்றால், கூடாது. என் சண்டை மறுபக்கத்தோடும் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு ஜாலான் துன் சம்பந்தன் அஞ்சடியில் நடந்துதான் போக வேண்டும். எஸ்.பி.எம். முடிவு வரும் காலத்தில் பூக்கடைக்கும் சேலைக்கடைக்கும் நடுவில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள். ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் சிரிப்பாள். 'உங்கள் கனவு ஊடகத்தில்' என்றிருக்கும். என் அறைத் தோழன் அப்படி ஒரு தனியார் கல்லூரியில் இரண்டரை வருடம் படித்தான். அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போனது. வகுப்புக்கு ஒரே கேமரா. பாடம் எடுத்தவர் நான்கு முறை மாறினார். முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தபோதுதான் அவன் படித்த படிப்புக்கு முழு அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தது. இப்போது அவன் பார்சல் ஓட்டுகிறான். சித்தப்பாக்களின் பயத்துக்கு இந்த மாதிரிக் கதைகள்தான் தீனி. ஆனால் அவனைக் கெடுத்தது தொடர்பியல் அல்ல. திட்டமில்லாமை. பொறியியலில் அப்படி ஏமாந்தவர்களை எனக்குப் பெயரோடு தெரியும். அவர்களைப் பார்த்து யாரும் பொறியியலே வேண்டாம் என்று சொல்வதில்லை.

திட்டம் என்றால் என்ன? வேலையில் நாங்கள் ஒரு குழாய் போடுவதற்கு முன் அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் எங்கெல்லாம் இணைகிறது என்று பார்ப்போம். படிப்பிலும் அதே மூன்றுதான்.

எங்கே தொடங்குகிறது? 2001-இலிருந்து நம் நாட்டில் அரசாங்க சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. பெரும்பாலும் சான்றிதழ், சில இடங்களில் டிப்ளோமா. அனிமேஷன், கிராபிக் டிசைன் மாதிரியான படிப்புகள் குறைந்த கட்டணத்தில் கிடைக்கின்றன. பட்டம் அங்கே கிடையாது. 'சமூகக் கல்லூரியில் தொடர்பியல் டிகிரி' என்று யாராவது விற்றால் ஓடிவிடுங்கள். சான்றிதழ், டிப்ளோமா, பட்டம் என்பது படிக்கட்டு. நம் தகுதிக் கட்டமைப்பில் சான்றிதழ் மூன்றாம் நிலை, டிப்ளோமா நான்காம் நிலை, இளங்கலைப் பட்டம் ஆறாம் நிலை. டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், பட்டத்துக்கு 120. ஒரு கிரெடிட் என்றால் ஏறக்குறைய நாற்பது மணி நேர உழைப்பு. மூன்று பாடத்தில் கிரெடிட் இருந்தால் டிப்ளோமாவுக்கு அடிப்படைத் தகுதி வந்துவிடுகிறது. என் தங்கச்சிக்கு ஐந்து இருக்கிறது.

எங்கே முடிகிறது? எஸ்.டி.பி.எம். வழியாகப் போனாலும் டிப்ளோமா வழியாகப் போனாலும் மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், புத்ரா, பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம் என்று அரசாங்கத்திலேயே தொடர்பியல் பட்டம் இருக்கிறது. அஞ்சடித் துண்டுப்பிரசுரம் மட்டுமே வழி என்று நினைப்பது நம் அறியாமை.

நடுவில் எங்கே இணைகிறது? இங்கேதான் பணம் தொலைகிறது. சேருமுன் அந்தப் படிப்பின் பெயர் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, படிப்பின் பெயர் இருக்க வேண்டும். இந்த டிப்ளோமாவை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கிறது, எத்தனை கிரெடிட்டை மாற்றிக்கொள்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வது செல்லாது. ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு, பணி அனுபவத்தை வைத்துப் படிப்பில் நுழையும் 'அப்பெல்' வழியும் உண்டு. 21 வயதும் தொடர்புடைய அனுபவமும் இருந்தால் அந்த மதிப்பீட்டின் வழியாகப் பட்டப்படிப்புக்கே முயலலாம். என் அறைத் தோழனிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறான்.

கலிபோர்னியாவில் இந்த இணைப்பைச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். 2010-இல் வந்த சட்டத்தின்படி, சமூகக் கல்லூரியில் 60 யூனிட்டுக்குரிய மாறுதல் பட்டத்தை முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. விரும்பிய வளாகமே கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை, ஆனால் படித்த இரண்டு வருடம் வீணாகாது. அந்தப் பட்டங்களில் தொடர்பியலும் ஒன்று. மாணவன் கல்லூரி கல்லூரியாக அலைந்து கெஞ்ச வேண்டியதில்லை, கல்லூரிகள்தான் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டும். நம் தலைவர்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் 'தமிழர்க்கொரு பல்கலைக்கழகம்' என்று முழங்குவதற்குப் பதிலாக, சமூகக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இப்படி ஒரு பாலம் கேட்டிருந்தால் எத்தனை பிள்ளைகள் கடந்திருப்பார்கள். பாலத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பது அவர்களுக்குச் சங்கடமாக இருக்கலாம்.

கடைசியாக, நம் ஆட்கள். இலக்கிய நண்பர்களிடம் தங்கச்சியின் விஷயத்தைச் சொன்னபோது ஒருவர் சிரித்தார். "ரேடியோ தமிழ் பேசப் போறாளா?" என்றார். சித்தப்பாவின் ஏளனத்துக்கு வறுமையின் பயமாவது காரணம். இந்த ஏளனத்துக்கு என்ன காரணம்? வருடம் முழுக்க நாம் என்ன புலம்புகிறோம்? நல்ல எடிட்டர் இல்லை. விமர்சனம் எழுத ஆளில்லை. மொழிபெயர்க்க ஆளில்லை. புத்தகம் வந்தது யாருக்கும் தெரியவில்லை. நம் ஊரில் எடிட்டிங் என்றால் ஒற்றுப்பிழை பார்ப்பது. ஒரு நேர்காணலுக்கு எப்படித் தயாராவது, பதிவை எப்படிக் காப்பது, ஆதாரத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எல்லாரும் தட்டுத்தடுமாறித்தான் கற்றோம். பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். தமிழ் ஒரு கட்டடத்தில் இருக்கிறது: 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறையில், சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்தின் தமிழாசிரியர் படிப்பில். ஊடகம் வேறு கட்டடத்தில் இருக்கிறது. நடுவில் உள்ள திடலை என் தங்கச்சி மாதிரியான ஒருத்தி தனியாகத்தான் நடந்து கடக்க வேண்டும். அவள் கடந்துவந்தால் சிரிப்பதற்கு நாம் நிற்கிறோம்.

திட்டத்தின் இன்னொரு பாதி நம் கையில் இருக்கிறது. சமூகக் கல்லூரிகள் பொதுமக்களுக்குக் குறுகியகாலப் பயிற்சிகளை நடத்துகின்றன. கேக் செய்யவும் தையலுக்கும் நம் அம்மாக்கள் போகிறார்கள். தமிழில் செய்தி எழுதுவது, ஒலிப்பதிவு, வாய்மொழி வரலாறு சேகரிப்பது என்று ஒரு வார இறுதிப் பயிற்சிக்கு நாம் ஏன் முன்மொழிவு கொடுக்கக் கூடாது? தமிழ்நாட்டில் 1990களில் சேவியர் அல்போன்ஸ் என்ற பாதிரியார் சமூகக் கல்லூரியைக் கொண்டுவந்தபோது பெரிய கட்டடத்திலிருந்து தொடங்கவில்லை. பள்ளியை விட்டவர்களுக்கு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பயிற்சி என்று தொடங்கினார். கிள்ளானில் ஒரு கோயில் மண்டபம் போதும். பத்துப் பிள்ளைகள் போதும். ஒரு சனிக்கிழமை என் தொழிற்சாலை அறிவிப்புத் தாளைக் கொண்டுவருகிறேன். பதினான்கு வரியை நான்கு வரியாக்குவது முதல் பாடமாக இருக்கட்டும். மற்ற சனிக்கிழமைகளுக்கு யார் வருகிறீர்கள்?

போன ஞாயிறு மறுபடியும் கிள்ளான் போனேன். யாரும் கூப்பிடவில்லை. ஜாலான் தெங்கு கிளானாவில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நானாகப் போனேன். சித்தப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. "நீயே இப்படிச் சொல்லலாமா?" என்றதோடு சரி. தங்கச்சி மடிக்கணினியைத் திறந்து யு.பி.யு. விண்ணப்பத்தைக் காட்டினாள். முதல் தெரிவு தொடர்பியல் டிப்ளோமா. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடுத்த படி எது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கடைசி இடத்தில் ஒரு பொறியியல் டிப்ளோமாவும் இருந்தது. தகுதி இல்லை என்று தெரிந்தும் போட்டிருந்தாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"அப்பாவுக்கு, அண்ணே" என்றாள். "கேட்டா, போட்டேன்னு சொல்லணும்ல."

கேட்பவர் யார், அவருக்கு என்ன பயம், எந்த வார்த்தை அவரைத் தொடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. 'அனுப்பு' பொத்தானை அழுத்தச் சொன்னேன்.